கிழங்குத் தோலா, குச்சியா, காப்பி உமியா? மின்சேமிப்புக் கரிக்கு ஏற்ற சேலத்துக் கழிவு எது: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்தும் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்த ஆய்வுக்குக் காரணம். "கிழங்குத் தோலைச் சுட்டுக் கரியாக்கினால் பேட்டரி கம்பெனிக்காரர்கள் வாங்குவார்களாமே, நிஜமா தம்பி?" யாரோ அவருக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதில் வாழைத்தண்டு, தேங்காய் ஓடு, நெல் உமி என்று எதைச் சுட்டாலும் கறுப்புப் பொடி வந்தது. அந்தப் பொடியைப் பூசிய இரண்டு தகடுகள் ஒரு சின்ன விளக்கை எரியவைத்தன.

வீடியோவில் பொய் எதுவும் இல்லை. 2010இல் இந்தோனேசிய ஆய்வாளர்கள் மரவள்ளித் தோலில் இருந்தே மின்முனைக் கரி செய்து, கிராமுக்கு ஏறத்தாழ 264 ஃபாரட் வரை மின்தேக்குதிறன் (மின்சுமையைத் தேக்கிவைக்கும் திறன், ஃபாரட் அதன் அலகு) காட்டியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஆஸ்திரேலியாவில் காப்பிக் கழிவில் இருந்து 368 ஃபாரட் வந்தது. ஆனாலும் ஆலைக்காரரிடம் என்னால் உடனே ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. கரி ஆக்குவதும் அதில் நுண்துளை போடுவதும் இன்று தெரிந்த வித்தை. ஒரு கழிவு மின்முனைக் கரிக்குத் தேறுமா என்பதைச் சாம்பலும் ஈரமும்தான் முடிவு செய்கின்றன. அந்த இரண்டையும் வைத்து, அவர் ஆலையையும் சுற்றியுள்ள மரவள்ளிக் காடுகளையும் (எங்கள் பக்கம் காடு என்றால் வயல்) ஏற்காட்டு மலையையும் பார்த்தோம்.

ஆலையில் மிஞ்சுவது

லாரியில் வரும் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, இறக்கி, தோல் உரித்து, கழுவி, அரைத்து, சல்லடையில் பால் பிரிக்கிறார்கள். பால் தொட்டியில் படிந்து மாவாகிறது. சல்லடையில் நிற்கும் நாரும் சக்கையும் திப்பி. உரித்த தோல் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கம் என்று சீசன் முழுக்கக் குவியும்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது குப்பை. உண்மையில் இரண்டுக்கும் ஏற்கனவே வழி இருக்கிறது. திப்பியைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். காய்ந்த திப்பியின் எடையில் பாதிக்கு மேல் இன்னும் மாவுச்சத்துதான், அதனால் அதற்கு எப்போதும் ஆள் உண்டு. தோலும் காய்ந்தால் தீவனத்துக்குப் போகிறது. கழிவில் இருந்து பொருள் செய்கிறோம் என்று பேசுகிறவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். மாடு தின்னும் பொருளை உலையில் போட்டால், தீவன விலை ஏறி அந்தச் சுமை மாடு வைத்திருப்பவர் தலையில் விழும். கரி அதைவிட நல்ல விலை தந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே வேண்டும்.

264 ஃபாரட் என்பது என்ன

கரி மின்சாரத்தைச் சேமிப்பதில் இரண்டு வகை உண்டு. முதலாவது சூப்பர் கெபாசிட்டர். இதில் ரசாயன மாற்றம் எதுவும் நடப்பதில்லை. மின்பகுளியில் (மின்முனைகளுக்கு நடுவே இருக்கும் திரவம்) இருக்கும் அயனிகள் கரியின் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். பரப்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சேரும். நன்றாகத் துளையிட்ட கரி ஒரு கிராம் எடுத்தால் அதன் உள்பரப்பு 1,500 சதுர மீட்டர் இருக்கும். நம் கணக்கில் 37 சென்ட் நிலம். விரல் நுனியில் நிற்கும் பொடிக்குள் அவ்வளவு இடம் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

பரப்பு இருந்தால் மட்டும் போதாது. துளை அயனி நுழையும் அளவு இருக்க வேண்டும். ஒரு நானோமீட்டருக்கும் சற்றுக் குறைந்த துளைகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் சேமிக்கின்றன என்று 2006இல் சிமியோலா, கோகோட்ஸி, சிமோன் குழுவினர் காட்டினார்கள். அயனியே நுழைய முடியாத மிகச் சிறிய துளை, கணக்கில் பரப்பைக் கூட்டிக் காட்டும், வேலைக்கு உதவாது.

இப்போது அந்த 264க்கு வருவோம். ஆலைக்காரரிடம் இதைத் தாளில் எழுதித்தான் காட்டினேன். அந்த எண் ஒரு மின்முனைக்கு உரியது. கெபாசிட்டரில் இரண்டு மின்முனை. இரண்டின் எடையையும் சேர்த்து, தொடர் இணைப்பையும் கணக்கில் எடுத்தால் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதாவது 66. நீர்க்கரைசலில் ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் தண்ணீர் பிரிந்துவிடும். ஆற்றல் என்பது தேக்குதிறனில் பாதியை வோல்ட்டின் இருமடியால் பெருக்கினால் வருவது. ஆக, கிராமுக்கு 33 ஜூல், கிலோவுக்கு 9 வாட்-மணி.

சந்தையில் உள்ள கெபாசிட்டர்கள் கரிம மின்பகுளியில் (தண்ணீருக்குப் பதில் கரிமக் கரைப்பான் உள்ளது) 2.7 வோல்ட்டில் ஓடுகின்றன. அதில் கரி காட்டுவது கிராமுக்கு 100 ஃபாரட் அளவுதான். நான்கில் ஒரு பங்கு 25. அதே கணக்கைப் போட்டால் கிராமுக்கு 91 ஜூல், கிலோவுக்கு 25 வாட்-மணி. தகடு, மின்பகுளி, கூடு எல்லாம் சேர்ந்த பிறகு கையில் நிற்பது 5 முதல் 7.

"அப்போ 264ஐ விட 100 பெரிசா?" என்று கேட்டார். வோல்ட் இரண்டு தடவை பெருக்கப்படுவதால் பெரிதுதான். ஆய்வகத்தில் நீர்க்கரைசலில் எடுத்த எண்ணைப் பார்த்து ஆலை போடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். சந்தையில் நுழைய வேண்டுமென்றால் கரிம மின்பகுளியில் 2.7 வோல்ட்டை வருடக்கணக்கில் தாங்க வேண்டும். அங்கேதான் அழுக்கு காலை வாரிவிடும்.

காந்தத்தில் ஒட்டிய கரி

பேட்டரிக் கரிக்குச் சாம்பல் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். அதற்குள்ளும் இரும்பு இன்னும் மிகக் குறைவாக இருந்தாக வேண்டும். இரும்பு ஒரு மின்முனைக்கும் இன்னொன்றுக்கும் இடையே மின்சுமையைக் கடத்திக்கொண்டே இருக்கும். ஏற்றி வைத்த மின்சாரம் தானாக வடிந்துபோகும்.

கிழங்குத் தோலோ நிலத்துக்குள் இருந்து வருவது. ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்துச் செம்மண் அதன் சுருக்கங்களில் ஒட்டியிருக்கும். அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். கஞ்சமலையில் இரும்புத்தாது கிடக்கும் மாவட்டத்தில் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நண்பர் ஒருவர் தோலை மூடிய மூசையில் (சூடு தாங்கும் கிண்ணம்) வைத்து 700 டிகிரியில் கரியாக்கித் தந்தார். அதை ஒரு தாளில் பரப்பி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினோம். கழுவாமல் சுட்ட தோலின் கரியில் பொடித்துகள்கள் சிலிர்த்துக்கொண்டு காந்தத்தோடு ஓடின. செம்மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடு சாதாரணமாகக் காந்தத்துக்கு மசியாது. கரியோடு சேர்ந்து சூடேறும்போது ஆக்சிஜனை இழந்து மேக்னடைட்டாக மாறிவிடுகிறது, அப்புறம் ஒட்டும். தேய்த்துக் கழுவிய தோலில் இது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தபோது அமிலம் மஞ்சளானது. இரும்பு இறங்குகிறது என்று அர்த்தம். மணல் துகள் மட்டும் அமிலத்துக்கும் அசையவில்லை.

அடுத்து, கரியைத் திறந்த மூசையில் 650 டிகிரியில் முழுக்க எரித்துச் சாம்பலைப் பார்த்தோம். தோலில் செங்கல் நிறத்தில் ஒரு மேடு நின்றது. தேங்காய் ஓட்டுக் கரியை அதே மாதிரி எரித்தபோது மூசையின் அடியில் சாம்பல் நிறப் பூச்சு மட்டும்தான். இந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு மஃபிள் ஃபர்னஸும் (ஆய்வக உலை) துல்லியமான தராசும். லட்சக்கணக்கில் போட்டு உலை வாங்கும் முன் யாரும் செய்து பார்க்கலாம், செய்துதான் ஆக வேண்டும்.

சூப்பர் கெபாசிட்டர் கரிக்கு உலகம் முழுக்கத் தேங்காய் ஓடு ஏன் முன்னால் நிற்கிறது என்பதும் இங்கே புரியும். அதைவிட நல்ல துளை போடக்கூடிய பொருட்கள் உண்டு. ஓடு மரத்தின் உச்சியில் விளைகிறது, மண் படுவதில்லை, கெட்டியானது, சாம்பல் மிகக் குறைவு. ஜப்பானின் குராரே நிறுவனம் தேங்காய் ஓட்டை நீராவியால் துளையிட்டுச் செய்யும் ஒய்.பி.-50 என்ற ரகம்தான் இந்தத் துறையில் மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல்.

ஈரமும் களமும்

ஒரு டன் ஈரத்தோலில் ஏறத்தாழ 700 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆவியாக்க மட்டும், எந்த நட்டமும் இல்லாமல், 440 யூனிட் வெப்பம் வேண்டும். நடைமுறையில் இதைப்போல இரு மடங்கு ஆகும். மின்சாரத்திலோ விறகிலோ காயவைத்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். வெயிலில் காயவைக்கலாமே என்றால், வெயில் படும் சிமெண்ட் களம் ஜவ்வரிசிக்கு வேண்டும். சீசனில் களத்தில் ஒரு சதுர அடி விடமாட்டார்கள். ஜவ்வரிசி காயும் களத்தில் மண் ஒட்டிய தோலைக் கொட்ட எந்த ஆலைக்காரரும் சம்மதிக்க மாட்டார். 1981இல் தொடங்கிய சேகோசர்வில் (ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவு விற்பனைச் சங்கம்) மாதிரியைப் பார்த்துத்தான் டெண்டர். நிறம் மங்கினால் விலை மங்கும் என்பது இவர்களுக்கு அத்துப்படி.

சரி, காய்ந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோ காய்ந்த தோல் சுட்டால் 90 கிலோ கரி. துளையிடும்போது பாதிக்கு மேல் போய், கையில் நிற்பது 30, 40 கிலோ. வீடியோக்களில் காட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு முறையில் துளையிட, கரியின் எடையைப் போல மூன்று மடங்கு காரம் போடுவது வழக்கம். 90 கிலோ கரிக்கு 270 கிலோ. அதை அமிலம் விட்டும் தண்ணீர் விட்டும் கழுவ வேண்டும். கழுவிய நீர் எங்கே போகும்? ஏற்கனவே கழிவுநீர் விஷயத்தில் ஜவ்வரிசி ஆலைகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பல ஆலைகள் பெரும் செலவில் சாணவாயு போன்ற எரிவாயுக் கலன்கள் கட்டித்தான் அதைச் சமாளித்திருக்கின்றன. அந்த இடத்தில் உப்பும் காரமும் கலந்த இன்னொரு கழிவுநீரைக் கொண்டுவர நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த முறையில் 700 டிகிரிக்கு மேல் உலைக்குள் பொட்டாசியம் உலோகம் பிறக்கிறது. முழுக்க ஆறாமல் திறந்து தண்ணீர் பட்டால் வெடிக்கும். எவர்சில்வர் பாத்திரத்தையும் அந்தக் காரம் அரித்துவிடும். ஆலை முற்றத்தில் வைத்துப் பார்க்கும் வேலை இல்லை இது. நீராவி முறைக்கு 800 முதல் 950 டிகிரி வேண்டும், பரப்பும் கொஞ்சம் குறைவாகவே வரும், ஆனால் செலவாவது வெறும் தண்ணீர். நமக்கு ஏற்றது அதுதான்.

காட்டில் எரியும் குச்சி

தோலை விட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் நல்ல பொருள் கண்ணில் பட்டது. கிழங்கு பிடுங்கியதும் வரப்பில் அடுக்கப்படும் குச்சி. ஒரு ஏக்கருக்கு நடவுக்கரணை (நடுவதற்கு வெட்டும் குச்சித் துண்டு) ஏறத்தாழ 5,000 வேண்டும். ஆனால் ஒரு ஏக்கரில் வெட்டும் குச்சி பத்து ஏக்கர் அளவுக்கு நடவுக்குப் போதும். விதைக்கு எடுத்தது போக மீதியில் கொஞ்சம் அடுப்புக்குப் போகும், பெரும்பகுதி வரப்பிலேயே எரியும்.

இதில் ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. 2020இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் காடுகளைப் பிடித்து ஆட்டியது. ஆப்பிரிக்காவில் இருந்து கொண்டுவந்த அனகைரஸ் லோபஸி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். பூச்சி பிடித்த குச்சியை அடுத்த நடவுக்கு எடுக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்பதுதான் பரிந்துரை. எப்படியும் எரிக்கப்போகிற பொருள். காற்றில்லாமல் எரித்தால் கரி.

குச்சியில் மண் இல்லை. வரப்பிலேயே சில வாரம் நின்றால் பாதி ஈரம் இறங்கிவிடும், களத்தைத் தொட வேண்டாம். மாடு தின்னும் பொருளோடு போட்டியும் கிடையாது. குறை என்று பார்த்தால், நடுவில் இருக்கும் தக்கை. அது பஞ்சு போன்றது, மாவுச்சத்தும் நிறைய. கரியானதும் இலேசாக, நிறைய இடம் அடைத்துக்கொண்டு நிற்கும். மின்முனையில் எடையைப் போலவே கன அளவும் முக்கியம் என்பதால் தக்கைக் கரி தோற்கிறது, அதைச் சுற்றியுள்ள மரப்பகுதியின் கரி தேறுகிறது. வெட்டும்போதே இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி வேண்டும். இதற்குச் சேலத்து லேத் பட்டறைக்காரர்களை விடச் சரியான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். வெட்டும் கத்தியில் இருந்து தேயும் இரும்பும் கரிக்குள் போகும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஏற்காட்டு உமி

1820களில் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் நட்ட அரேபிகா காப்பி இன்றும் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே நிற்கிறது. இங்கே காப்பிக் கழிவு என்று பொதுவாகச் சொன்னால் குழப்பம் வரும். பழத்தைப் பல்ப்பரில் போட்டதும் கழலும் சிவப்புத் தோல் சதசதவென்று ஈரமானது, பொட்டாசியம் மிகுந்தது. அது உரக்குழிக்குப் போவதே நல்லது. பழமாகவே காயவைத்த செர்ரியின் உமியிலும் சாம்பல் அதிகம். கொட்டையை ஒட்டி, காகிதம் போல மொடமொடவென்று இருக்கும் பார்ச்மெண்ட் உமிதான் நமக்கு வேண்டியது. ஈரம் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான். மண் படாது, சாம்பல் குறைவு. பார்ச்மெண்ட் காப்பியின் (இந்த உமியோடு இருக்கும் கொட்டை) எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த உமி.

சிக்கல் ஒன்றுதான். அது தோட்டத்தில் கழல்வதில்லை, கொட்டையை உமி நீக்கித் தரம் பிரிக்கும் க்யூரிங் ஆலையில்தான் கழல்கிறது. எனவே ஏற்காட்டில் உலை வைப்பது வீண். உமி எங்கே குவிகிறதோ அங்கேதான் பேச வேண்டும். அங்கேயும் அதை எரிபொருளாக வைத்திருப்பார்கள், சும்மா தர மாட்டார்கள். அளவும் குச்சியோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். எங்கள் காந்தச் சோதனையில் இந்த உமிக் கரி அசையவே இல்லை, எரித்தபின் மூசையில் நின்றது வெளுத்த ஒரு கோடு. சூப்பர் கெபாசிட்டர் கரிக்கு நாங்கள் பார்த்தவற்றில் இதற்கே முதலிடம் தருவேன்.

சோடியம் வந்த பிறகு

இரண்டாவது வகைச் சேமிப்பு சோடியம்-அயனி பேட்டரி. கிராபைட்டுக்குள் லித்தியம் நன்றாக நுழையும், சோடியம் அப்படி நுழையாது. அதற்கு ஹார்டு கார்பன் என்ற, கிராபைட்டாக மாறாத கரி வேண்டும். எவ்வளவு சூடேற்றினாலும் அப்படி மாறாத கரிகள் உண்டு என்பதை 1951இலேயே விஞ்ஞானி ரோசலிண்ட் பிராங்க்ளின் பிரித்துக் காட்டினார். 2000இல் ஸ்டீவன்ஸ், டான் என்ற இரு ஆய்வாளர்கள் குளுக்கோஸைச் சுட்டுச் செய்த அப்படிப்பட்ட கரியில் கிராமுக்கு 300 மில்லியாம்பியர்-மணி அளவுக்குச் சோடியத்தை ஏற்றி இறக்கினார்கள். இன்று சோடியம் பேட்டரி ஆய்வில் இருந்து சந்தைக்கு வந்துவிட்டது.

ஹார்டு கார்பனுக்கு வேண்டியது சூப்பர் கெபாசிட்டருக்கு நேர் எதிர். பரப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் தடவை ஏற்றும்போதே சோடியம் கரியின் மேல் படலமாகப் படிந்து வீணாகும். அதனால் காரமும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். 1,000 முதல் 1,400 டிகிரி வரை, காற்றில்லாமல் சுட்டால் போதும். குச்சிக்கு நான் பார்க்கும் எதிர்காலம் இதில்தான்.

குளுக்கோஸ் என்றதும் ஆலைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாவு என்பதே குளுக்கோஸ் சங்கிலிதானே! உண்மைதான். அந்த ஆலையில் சாம்பல் குறைந்த கரிப்பொருள் எது என்று கேட்டால், கழிவைத் தேட வேண்டியதில்லை, மாவுதான். தொட்டியில் மாவு படிந்தபின் மேலே நிற்கும் பழுப்பு மாவுக்கு ஜவ்வரிசியில் மதிப்பு இல்லை. அதை எடுத்துப் பார்க்கலாம். சுடும்போது மாவு உருகி நுரைத்துப் பொங்கும் என்பதால், முதலில் 200 டிகிரி அளவில் நிதானமாகக் காற்றில் வாட்டி இறுக்க வேண்டும். கிழங்கு விலை சரிந்து, பிடுங்கும் கூலிகூடத் தேறாமல் காட்டிலேயே விடும் வருடங்களைப் பார்த்தவர்களுக்கு, மாவுக்கு இன்னொரு வாசல் என்பது சின்ன விஷயமல்ல.

சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. 2021இல் தோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகக் குழு மக்னீசியம் ஆக்சைடை அச்சாக வைத்து, அதைச் சுற்றிக் கரியை உருவாக்கி, பிறகு அமிலத்தில் அச்சைக் கரைத்து எடுத்து, 478 மில்லியாம்பியர்-மணி காட்டும் ஹார்டு கார்பன் செய்தது. நம் சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் மேக்னசைட் வெள்ளைக்கல்லைச் சுட்டால் வருவதும் மக்னீசியம் ஆக்சைடுதான். அவர்கள் பயன்படுத்திய தூய உப்புகளுக்கும் சுரங்கக் கல்லுக்கும் தூரம் அதிகம். ஆனாலும் மாவும் வெள்ளைக்கல்லும் முப்பது கல் தொலைவுக்குள் கிடைக்கும் ஊரில் ஒரு மாணவராவது இதை முயன்று பார்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

எடுத்த முடிவு

ஆலைக்காரர் தோல் உலைத் திட்டத்தை விட்டுவிட்டார். தோலும் திப்பியும் தீவனத்துக்கே போகும். இந்த சீசனில் மூன்று பொருட்களைத் தனித்தனியாகச் சுட்டு மாதிரி எடுக்கிறோம்: தக்கை நீக்கிய குச்சி, பழுப்பு மாவு, க்யூரிங் ஆலையில் விலைக்கு வாங்கிய பார்ச்மெண்ட் உமி. பக்கத்தில் ஒப்பிடத் தேங்காய் ஓட்டுக் கரி. குச்சியைப் பூச்சி பிடித்த காட்டில் இருந்தும் பிடிக்காத காட்டில் இருந்தும் வேறுவேறாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன், மண்ணும் உரமும் மாறினால் சாம்பல் மாறும் என்பதால். சுடும்போது வரும் புகையை வெளியே விடாமல் அதே உலைக்கு எரிபொருளாகத் திருப்ப வேண்டும் என்பதில் அவரே பிடிவாதமாக இருக்கிறார். பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன.

அமிலத்தில் ஒரே ஒரு தடவை கழுவிய பிறகு சாம்பல் ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கும் மாதிரியை மட்டும் இரும்பளவு பார்க்கவும் மின்கலச் சோதனைக்கும் அனுப்புவோம். சூப்பர் கெபாசிட்டருக்குப் போகும் மாதிரியை நீர்க்கரைசலில் அளக்க வேண்டாம், கரிம மின்பகுளியில் 2.7 வோல்ட்டில் அளந்து, ஏற்றியபின் மூன்று நாள் விட்டு எவ்வளவு வடிந்தது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறோம். ஒரு தடவைக் கழுவலில் இறங்காத கரி அவருடைய தோட்டத்து மண்ணுக்குப் போகும். அதற்காக இரண்டாவது கழுவல் தொட்டி கட்டுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.